சினிமா பிடிக்கும், டைரக்டர் ஆக வேண்டாம்

சினிமாப் பைத்தியம் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “எப்ப படம் பண்ணப் போற?” யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது. இவ்வளவு படம் பார்க்கிறவனுக்கு ஆசை என்று ஒன்று இருந்தால் அது டைரக்டர் நாற்காலி மேல்தான் இருக்கும் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அதையே பதிலாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு என்ன சொல்வது? டைட்டிலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடினாலும் நமக்கு மனதில் நிற்பது முதலில் வருகிற ஐந்தாறு பெயர்தானே.

இப்போது ஒரு எடிட்டரிடம் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். எடிட்டர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. “சரி, அது முதல் படி, அப்புறம் டைரக்ஷனா?” என்று கேட்பவர்களிடமும் இல்லை என்றுதான் சொல்கிறேன். வெறுமனே படம் பார்த்துக்கொண்டிருந்தவன் இந்த முடிவுக்கு எப்படி வந்தேன், வந்த இடத்தில் வேலை எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்தால், இதே குழப்பத்தில் இருக்கிற யாருக்காவது உதவலாம்.

படம் பார்த்ததும் நோட்டில் எழுதுகிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், நடிப்பு எப்படி, பாட்டு எப்படி, இரண்டாம் பாதி லேக் அடித்ததா, இப்படி. சில வருஷம் கழித்து அதைப் புரட்டினால் என்னைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஊரே கொண்டாடிய படத்துக்கு நாலரை, ஊரே திட்டிய படத்துக்கு ஒன்றரை. ‘உனக்குப் பிடித்த பத்துப் படம் சொல்லு’ என்று யாராவது கேட்டாலும் இதே கதைதான். அந்தப் பட்டியலில் பாதி, நமக்குப் பிடித்திருந்தால் நன்றாக இருக்குமே என்று நாம் ஆசைப்படுகிற படங்கள்.

உருப்படியாக ஏதாவது சொன்னது வேறொரு குறிப்பு. வீட்டில் இரண்டாவது முறை பார்க்கும்போது எந்த இடத்தில் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேனோ, அந்த நேரத்தை மட்டும் ஓரத்தில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். ஏன் ஓட்டினேன் என்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் மறுபடி விமரிசகர் தோரணை வந்துவிடும். அப்படிச் சேர்ந்த இடங்களை எல்லாம் பிறகு வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கைதட்டல் வாங்குகிற வசனங்கள் அதில் ரொம்பக் குறைவு. ஃப்ரேம் அழகாக இருக்கிறது என்று நிறுத்திய இடங்களும் அதிகமில்லை. பெரும்பாலானவை ‘எப்போது’ சம்பந்தப்பட்டவை. கேள்வி கேட்டவரின் முகத்திலேயே ஷாட் நின்றுவிட, பதில் மட்டும் காதில் விழுவது. கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும் காலியான அறை இன்னும் கொஞ்ச நேரம் திரையில் இருப்பது. அடுத்த காட்சியின் ரயில் சத்தம் இந்தக் காட்சி முடியும் முன்பே உள்ளே நுழைந்துவிடுவது.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) கடைசிக் காட்சி பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் வசனத்தைச் சொல்வார்கள். நான் குறித்துவைத்திருந்தது அந்த ஆற்றங்கரையில் யாரும் பேசாமல் நிற்கிற நேரங்களை. படத்தொகுப்பு பி. லெனின் என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு எடிட்டரின் பெயரை வேலை மெனக்கெட்டுத் தேடியது அதுதான் முதல் தடவை.

இன்னொன்று ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962). லாரன்ஸ் எரிகிற தீக்குச்சியை வாயால் ஊதுகிறான். அடுத்த கணம் பாலைவனத்தின் அடிவானம், சூரியன் வரப்போகிறது. உலகத்தில் அதிகம் பேசப்பட்ட வெட்டுகளில் ஒன்று அது. ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் டிசால்வ்தான் இருந்தது, அதாவது ஒரு பிம்பம் கரைந்து அடுத்தது வருவது. அந்தக் காலத்தில் பிலிமை வெட்டி ஒட்டிப் பார்க்கிற ஒர்க்பிரின்ட்டில் டிசால்வ் தெரியாது, நேரடி வெட்டாகத்தான் ஓடும். எடிட்டர் ஆன் கோட்ஸும் டைரக்டர் டேவிட் லீனும் அப்படி ஓட்டிப் பார்த்தபோது, இதுவே நன்றாக இருக்கிறதே என்று பட்டிருக்கிறது. கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது, இன்னும் சரியாக்கு என்று லீன் சொல்ல, கோட்ஸ் எடுத்தது வெறும் இரண்டு ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிற படத்தில் இரண்டு ஃப்ரேம் என்றால் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கோட்ஸே பின்னாளில் பேட்டிகளில் சொன்ன விஷயம் இது. படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சமாச்சாரத்தைச் செய்வதற்கென்றே ஒரு ஆள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்!

கூடப் படம் பார்க்கிற நண்பர்களிடமும் இந்த ஓரக் குறிப்பை எழுதச் சொன்னேன். ஒருவன் எழுதியதெல்லாம் வெளிச்சம். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, ராத்திரிக் காட்சியில் முகத்தில் விழுகிற வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, மேகம் மூடியதும் ஷாட்டின் நிறம் ஏன் மாறவில்லை. அவன் இன்று கேமரா டிபார்ட்மென்ட்டில் ஃபோகஸ் இழுக்கிறான். இன்னொருத்திக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. “இத்தனை கூட்டத்தை எப்படி ஒரே நேரத்தில் வரவழைச்சாங்க? இந்த மழை நிஜமா, லாரித் தண்ணியா? சாலையை எத்தனை மணிக்கு மறிச்சிருப்பாங்க?” அவள் நோட்டு முழுக்க இப்படித்தான். புரொடக்ஷனில் அவள் மாதிரி ஆட்களுக்குக் கிராக்கி அதிகம், அவளுக்கு வேலை இல்லாத நாளே இல்லை. மூன்று பேருமே முன்பு டைரக்டர் ஆகப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஆகவே எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் இருந்தால், பிடித்த படம் எது என்று யோசிப்பதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். படம் பார்க்கும்போது உங்கள் கண்ணும் காதும் தானாகப் போய் நிற்கிற இடத்தைக் குறித்து வாருங்கள். முதல் முறை பார்க்கும்போது மட்டும் நிறுத்தாதீர்கள், அது பார்வையாளராக இருக்க வேண்டிய நேரம். கோளாறு சொல்வதற்காகவே பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தப் படமும் ரசிக்காது. அப்படி ஆகிப்போன ஆட்களை எனக்குத் தெரியும்.

எடிட்டிங்தான் என்று தெரிந்த பிறகு நானாகச் செய்துகொண்ட பயிற்சிகள் சில உண்டு. காசு செலவில்லாதவை. எல்லாவற்றுக்கும் ஒரே காட்சி போதும், மூன்று நான்கு நிமிஷம் ஓடுகிற பேச்சுக் காட்சியாக இருந்தால் நல்லது.

முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது. வசனம் போனதும் முகங்கள் மிச்சமிருக்கும். ஒருவர் கண் எந்தப் பக்கம் திரும்பியதும் வெட்டு விழுகிறது, இமைக்கும் முன்பா பின்பா, கை டம்ளரை நோக்கிப் போகத் தொடங்கும்போதா தொட்ட பிறகா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அப்புறம் திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்பது. எந்தச் சத்தம் அதற்குரிய ஷாட்டுக்கு முன்பே வந்துவிடுகிறது, எது அடுத்த ஷாட்டுக்குள்ளும் நீள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. முன்னதற்கு ஜே கட், பின்னதற்கு எல் கட் என்று பெயர், எல்லா யூடியூப் பாடத்திலும் வருகிற விஷயம்தான். படம் பார்த்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

மூன்றாவது, ஒவ்வொரு வெட்டுக்கும் பேனாவால் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போவது. மொத்தம் எத்தனை கோடு என்பதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் கொலைக்கு 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள் என்று ஒரு கணக்கு உண்டு. அதே மனுஷர் 1948ல் எடுத்த ‘ரோப்’ முழுப்படமும் சுமார் பத்தே நீண்ட ஷாட்களில் முடிந்துவிடும். எது நல்ல எடிட்டிங் என்று எண்ணிக்கையை வைத்துச் சண்டை போட்டால் விடியாது. பார்க்க வேண்டியது கோடுகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி எங்கே சட்டென்று சுருங்குகிறது, எங்கே விரிகிறது என்று. காட்சியில் யாருக்கோ ஒரு உண்மை தெரியவருகிற இடமாக அது இருக்கும், பெரும்பாலும்.

போகிற போக்கில் ஒன்று. ‘நல்ல எடிட்டிங் கண்ணுக்குத் தெரியாது’ என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அந்தக் குளியலறைக் காட்சியின் வெட்டுகள் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்றுதான் விழுகின்றன.

பார்த்தது போதும் என்று வெட்ட உட்காரும்போது முதல் சிக்கல், எதை வெட்டுவது? மென்பொருள் ஒரு பிரச்சினையே இல்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே கற்றுக்கொள்ளத் தாராளம். அதற்கு ஈடுகொடுக்கிற கணினிதான் வேண்டும். நிறையப் பேர் வெளியான படங்களை எடுத்து ரசிகர் டிரெய்லர் வெட்டுகிறார்கள். கை பழகும், மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியான படத்தில் இருக்கிற ஒவ்வொரு ஷாட்டும் யாரோ ஒரு எடிட்டர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துச் சீவியது. பதினொரு டேக்கில் எது என்று திண்டாடுகிற வேலை அதில் கிடையாது, அந்தத் திண்டாட்டம்தான் எடிட்டிங்கே. ஆகவே ரஷ் வேண்டும், வெட்டாத பச்சை ஃபுட்டேஜ். குறும்படம் எடுக்கிற நண்பர்களிடம் “உங்க எடிட்டர் வெட்டட்டும், நான் பழகுறதுக்கு ஒரு வெர்ஷன் வெட்டிப் பார்க்கிறேன், ரஷ் குடுங்க” என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஒருவருக்கு என் வெர்ஷன் பிடித்துப்போய் அடுத்த குறும்படத்துக்குக் கூப்பிட்டார்.

அந்தக் குறும்படத்தை ஃபோனில் எடுத்தார்கள், வசனத்தைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். காட்சியின் தொடக்கத்தில் உதடும் ஒலியும் பொருந்தும். நீளமான டேக்கில் ஐந்தாறு நிமிஷம் போனதும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஃபோனில் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இது வரும், காரணம் தெரிந்துகொள்ளுங்கள். பல ஃபோன்கள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று நிலையாகப் பதிவதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருள் நிலையான கணக்கை எதிர்பார்க்கும். முதலிலேயே நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு அப்புறம் டைம்லைனில், அதாவது மென்பொருளில் ஷாட்களை வரிசையாக அடுக்கி வெட்டுகிற பட்டையில், போட்டால் பிரச்சினை தீரும். எடுக்கும்போதே 24 அல்லது 25 என்று பூட்டிவைக்கிற கேமரா ஆப் இருந்தால் இன்னும் நிம்மதி.

இப்போது நான் வேலை செய்யும் எடிட்டர் அண்ணனிடம் அந்தக் குறும்படத்தோடுதான் போனேன். அப்பாவும் மகனும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற காட்சி அதில் உண்டு. பார்த்துவிட்டு அவர் நல்லா இருக்கு, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. “இதையே இன்னொரு தடவ வெட்டிட்டு வா தம்பி. ஒரு கண்டிஷன். பேசுறவன் முகத்த ஒரு தடவகூடக் காட்டக் கூடாது. எவன் கேக்குறானோ அவன் மட்டும்தான் ஸ்கிரீன்ல.” அப்படியே வெட்டினேன். படமாகப் பார்க்க அது சரிவராது, வசனம் பேசுகிற வாயை ஒருமுறையாவது பார்க்கத் தோன்றும். ஆனாலும் மகன் பேசப்பேச அப்பா விரலால் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடித்தவர் அதை எல்லா டேக்கிலும் செய்திருக்கிறார். கடைசி வெர்ஷனில் காட்சியின் பாரம் முழுக்க அந்த விரலில்தான் இருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிற யார் கேட்டாலும் நான் முதலில் கொடுக்கிற பயிற்சி இதுதான்.

அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்ததும் வெட்டக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஆரம்பத்தில் டைம்லைனைத் தொடவே விடமாட்டார்கள். ஷூட்டிங்கிலிருந்து கேமராவின் மெமரி கார்டு வரும். இரண்டு தனித்தனி டிரைவில் நகல் எடுத்து, இரண்டும் மூலத்தோடு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறதா என்று செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுகிற சரிபார்ப்பு எண்) வைத்துச் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் கார்டை அழிக்கலாம் என்று தகவல் சொல்வோம். பாதுகாப்புக்கு மூன்றாவது நகல் வேறு கட்டடத்தில் இருக்கும். அடுத்து எடிட்டுக்கு லேசான ப்ராக்ஸி ஃபைல்கள், அதாவது தரம் குறைத்த நகல்கள், உருவாக்குவது. அதற்கடுத்து சிங்க்: கிளாப் கட்டை மூடுகிற ஃப்ரேமைப் படத்தில் கண்டுபிடித்து, ஒலி அலையில் எகிறி நிற்கிற கோட்டோடு சேர்ப்பது. முதலில் கிளாப் அடிக்க முடியாத ஷாட்டுக்கு முடிவில் அடிப்பார்கள், பலகையைத் தலைகீழாகப் பிடித்து. அது தெரியாமல் அடுத்த டேக்கின் கிளாப் என்று எடுத்துக்கொண்டால் பெயரெல்லாம் குழம்பிவிடும். சீன், ஷாட், டேக் என்று பெயரிட்டு, ஷூட்டிங் ரிப்போர்ட்டில் ஓகே எது, என்.ஜி. (‘நோ குட்’, சரியில்லை என்று ஒதுக்கியது) எது என்று பார்த்து ‘பின்’ (bin) என்கிற மென்பொருள் ஃபோல்டரில் அடுக்குவது. டைரக்டர் வந்து “அன்னிக்கு மூணாவது டேக்ல அவங்க லேசா சிரிச்சாங்களே” என்றால் சில நொடியில் திரையில் வர வேண்டும்.

சலிப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ரஷ் பார்ப்பது பிடித்துவிட்டது. சொல்லப்போனால், வெளியான படங்கள் பார்ப்பதைவிடப் பிடித்துவிட்டது. ஒரே வரியை ஒரு நடிகை ஒன்பது விதமாகச் சொல்வதை அடுத்தடுத்துக் கேட்க வேறு எங்கே வாய்ப்பு கிடைக்கும்? என்.ஜி. டேக்குகளையும் முழுசாகப் பாருங்கள். ‘ஆக்ஷன்’ சொல்வதற்கு முன்பும் ‘கட்’ சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருக்கிற சில நொடிகள் இருக்கும், அவற்றையும் விடாதீர்கள்.

ஒரு படத்தில் மகள் கெட்ட செய்தி ஒன்றைக் கேட்கிற காட்சி. நடிகை நன்றாகத்தான் நடித்திருந்தார், அதுதான் பிரச்சினை, நடிப்பு தெரிந்தது. எந்த டேக்கும் ஒட்டவில்லை. அண்ணன் ஒரு டேக்கைக் ‘கட்’ குரலையும் தாண்டி ஓடவிட்டார். அந்தப் பெண் வேலை முடிந்த அசதியில் தோளைத் தளர்த்தி, எங்கேயோ பார்த்தபடி ஒரு மூச்சு விட்டார். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த மூச்சை எடுத்து செய்தி காதில் விழுகிற இடத்தில் வைத்தார். காட்சி அப்படியே உட்கார்ந்துவிட்டது. “இதுல என்ன தப்பு இருக்கு, பாரு” என்று என்னைக் கேட்டார். முந்தைய ஷாட்டில் காதோரம் ஒதுக்கியிருந்த தலைமுடி இதில் முகத்தில் விழுந்திருந்தது. சொன்னேன். “கண்ணைப் பாக்குறவன் முடியைப் பாக்க மாட்டான்” என்றார், அவ்வளவுதான் விளக்கம்.

இதற்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார் வால்டர் மர்ச். ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ (1996) படத்துக்குப் படத்தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர். எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கு அவர் ஆறு அளவுகோல் சொல்கிறார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்க்கிறவர் கண் திரையில் இருக்கிற இடத்துக்கு 7, திரையின் தட்டையான பரப்புக்கு 5, நிஜ இடத்தில் யார் எங்கே நிற்கிறார் என்கிற தொடர்ச்சிக்கு 4. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாவிட்டால் கீழே இருந்து விட்டுக்கொடுத்துக்கொண்டு வா என்கிறார். படிக்கும்போது தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். அந்தத் தலைமுடியைப் பார்த்த பிறகுதான் 51ம் 4ம் என்னவென்று உறைத்தது. தாளத்துக்கு 10 மட்டும் கொடுத்தது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. பாட்டுகளுக்கு நடுவில் வளர்ந்த நமக்கு அதைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

ரசனைக்கு வருகிறேன். என் ரசனை மெதுவான, சத்தம் குறைந்த படங்கள் பக்கம். எஸ். பாலச்சந்தர் 1954லேயே பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார் என்பதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஒரு வாரம் போகாது. வேலையோ பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்: சண்டை, பாட்டு, டீசர். இது என் டேஸ்ட் இல்லையே என்று முகம் சுளித்தால் இந்தத் துறையில் நாலு நாள் தாங்காது. சண்டைக் காட்சி வெட்டக் கற்றுக்கொண்டது என் மெதுவான படங்களுக்கும் உதவுகிறது. ஓங்குகிற கை ஒரு ஷாட், விழுகிற அடி அடுத்த ஷாட் என்றால், அசைவை அச்சாகத் தொடர்ந்து வெட்டினால் நடுவில் ஏதோ காணாமல் போன மாதிரி இருக்கும். இரண்டு மூன்று ஃப்ரேம் அசைவைத் திருப்பிக் காட்ட வேண்டும், புது ஷாட்டுக்குக் கண் பழக அவ்வளவு நேரம் ஆகிறது. ஒருத்தி மெதுவாக ஜன்னலைச் சாத்துகிற ஷாட்டுக்கும் இதே விதிதான். டீசரிலிருந்து கற்றது இன்னும் எளிது: எதைக் காட்டாமல் விட்டால் கேட்கத் தோன்றும் என்பது. ரசனையைக் காப்பாற்ற நான் செய்வது ஒன்றே ஒன்று. வேலைக்காகப் பார்க்கிற படங்களையும் எனக்காகப் பார்க்கிற படங்களையும் ஒரே நாளில் கலப்பதில்லை.

முதல் கட் எப்போதும் நீளமாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். அதைச் சிலருக்குப் போட்டுக் காட்டும்போது திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து அவர்களைப் பார்க்கச் சொல்வார் அண்ணன். யார் எப்போது ஃபோனை எடுக்கிறார், எப்போது காலை மாற்றிப் போடுகிறார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்வேன். முடிந்ததும் “பிடிச்சிருந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். எங்கே புரியவில்லை, எங்கே மணி பார்க்கத் தோன்றியது என்று கேட்டால் உண்மை வரும். ஒரு முறை எல்லோரும் இரண்டாம் பாதியில் ஒரு மருத்துவமனைக் காட்சி இழுக்கிறது என்றார்கள். அதைக் குறைத்துப் பார்த்தோம், அப்போதும் இழுத்தது. அதற்கு முந்தைய ஃபோன் காட்சியிலேயே நோயாளிக்கு என்ன ஆனது என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது; மருத்துவமனையில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. ஃபோன் காட்சியில் இரண்டு வரியைத் தூக்கினோம். மருத்துவமனைக் காட்சியைப் பழைய நீளத்துக்கே திருப்பி வைத்தோம், யாரும் காலை மாற்றிப் போடவில்லை.

வீட்டுப் பேச்சையும் சொல்லியாக வேண்டும். “படம் பண்றேன்னு சொன்னப்பகூட ஏதோ புரிஞ்சது, இது என்னடா வேலை?” என்றார் அப்பா. வார்த்தையால் புரியவைக்க முடியவில்லை. ஒரு காட்சியின் ரஷ்ஷையும் வெட்டிய வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். நாற்பது நிமிஷம் மூன்றானதைப் பார்த்துவிட்டு, “மீதிய எங்க போடுவீங்க?” என்று கேட்டார். அதற்கப்புறம் இதைப் பற்றிச் சண்டை இல்லை. பண விஷயத்தில் அவர் கவலை நியாயமானது. படம் நின்றுபோகும், சம்பளம் தள்ளிப்போகும். எத்தனை மாதத்துக்கு, மாதம் எவ்வளவு, டைட்டிலில் பெயர் உண்டா, எந்த எழுத்துகளில் என்று சேரும் முன்பே ஒரு மெசேஜிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடம் பின்னால் தராத இடமாகத்தான் இருக்கும். நடுவில் கைச்செலவுக்கு நான் யூடியூப் சேனல்களுக்கு வெட்டித் தருகிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதுகும் கண்ணும் போகிற வேலை இது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்காவிட்டால் இருபத்தைந்து வயதிலேயே தெரிந்துவிடும்.

படிக்க விருப்பமிருந்தால் 1960ல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியிலும் 1995ல் வந்த கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்திலும் படத்தொகுப்பு தனிப் பிரிவாகவே இருக்கிறது. டைரக்ஷனுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்தப் பக்கமும் பார்க்கலாம். நான் போகவில்லை. போனவர்களோடு வேலை செய்திருக்கிறேன். அவர்கள் பார்த்திருக்கிற படங்களின் அகலம் பொறாமைப்பட வைக்கும்.

“எடிட்டிங்ல இருந்து டைரக்டர் ஆனவங்க இருக்காங்களே” என்று விடாமல் கேட்பவர்களுக்கு, இருக்கிறார்கள். டேவிட் லீனே முதலில் எடிட்டர். ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தை வெட்டிய ராபர்ட் வைஸ் பிறகு பெரிய டைரக்டர். நம்மில் ஏ. பீம்சிங் கிருஷ்ணன் - பஞ்சு இரட்டையரிடம் உதவி எடிட்டராக ஆரம்பித்தவர், எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம்.மின் எடிட்டிங் பிரிவில் கற்றவர். பீம்சிங்கின் மகன்தான் மேலே சொன்ன லெனின். அவரும் டைரக்ட் செய்தார், ஆனாலும் வெட்டும் மேஜையை விட்டுப் போகவில்லை. எனக்குப் பிடித்தது அந்த வழி. இரண்டு பேர் மட்டுமே இருக்கிற, பாட்டில்லாத, நூறு நிமிஷத்துக்குள் முடிகிற ஒரு முழுப்படத்தைத் தனியாக வெட்ட வேண்டும். என் ஆசையின் நீளம் அவ்வளவுதான். அதை எழுதி டைரக்ட் செய்ய ஒரு ஆள் எங்கேயோ இருப்பார், அந்த ஆள் நானாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அசிஸ்டென்ட்டாகச் சேர எடிட்டர்களுக்கு சாம்பிள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது எங்களுக்கு வருகிற சாம்பிள்களை முதலில் திறந்து பார்ப்பது நான்தான். பத்தில் எட்டு, இசையின் பீட்டுக்கு பீட் வெட்டு விழுகிற ஷோரீல், அதாவது வேலையின் துணுக்குகளைக் கோத்த வீடியோ. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், யார் வெட்டியது என்று பெயரைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஒரு காட்சியை, மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாமல், பின்னணி இசை சேர்க்காமல் வெட்டி அனுப்புங்கள். கூடவே அந்தக் காட்சிக்கு எத்தனை டேக் இருந்தது, எதை ஏன் விட்டீர்கள் என்று நாலு வரி. ஃபைலுக்கு ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்று பெயர் வைக்காதீர்கள், அதைப் பார்த்ததுமே அண்ணன் திறக்கமாட்டார்.